கைமணம் என்னும் முகஸ்துதி

ஆவணி பிறந்துவிட்டால் போதும், பத்திரிகாசிரியர்களுக்கு என்னுடைய ஞாபகம் வந்துவிடும். தீபாவளி மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்பார்கள். கதை கேட்டால் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். இந்த வருஷம் நண்பர் ஒருவர் கதை கேட்கவில்லை.

"அம்மா கையால் சாப்பிட்ட பலகாரங்களைப் பற்றி எழுதுங்கள். அந்தக் கைமணம் இன்றைக்கு யாருக்கு வருகிறது? எல்லாம் கடைச் சரக்காகப் போய்விட்டது. அதைச் சொல்லி, கொஞ்சம் உருக்கமாக முடித்துவிடுங்கள்" என்றார்.

உருக்கமாக எழுத எனக்குத் தெரியும். இருபது வருஷமாக அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நண்பருக்கு வருத்தம். "ஏன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அவர் பிரசுரிப்பதும் குப்பைக் கூடையில் போடுவதும் அவர் இஷ்டம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்து வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கட்டுரையை நானே எழுதியிருக்கிறேன். அம்மா செய்யும் சோமாசியைப் பற்றியது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஏலக்காயும் நெய்யும் கலந்த வாசனை கூடத்துக்கு வந்து என்னைத் தட்டி எழுப்பியதையும், அரைச் சந்திரன் மாதிரி அடுக்கி வைத்த பலகாரத்தையும், அம்மா கையின் மணத்தையும் வர்ணித்து, 'அந்தக் கை இனி எங்கே?' என்ற தோரணையில் முடித்திருந்தேன். அம்மா அப்போது பக்கத்து அறையில் செளக்கியமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அழுதுவிட்டதாகப் பலர் எழுதினார்கள். எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

என் அக்கா கடிதம் எழுதவில்லை. டெலிபோனில் கூப்பிட்டாள்.

"தம்பி, படிச்சேன். நல்லா எழுதியிருக்கே. ஒண்ணு கேக்கட்டுமா? நீ ஒரு சோமாசியாவது மடிச்சிருக்கியாடா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வாசனை வந்து எழுப்பிச்சுன்னு எழுதியிருக்கே. அப்படின்னா அதுவரைக்கும் நீ தூங்கியிருக்கே. நான் தூங்கலை. உனக்கு ஒன்பது வயசு, எனக்குப் பன்னிரண்டு. அம்மா தேய்ச்சுப் போடப் போட நான் பூரணம் வெச்சு மடிச்சு ஓரம் கட்டிக்கிட்டிருந்தேன். உன் கட்டுரையில நான் எங்கேயுமே இல்லையே!"

இதற்கு நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. ஏதாவது அசட்டுத்தனமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. அதற்கு ஒரு துணை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது.

கல்லூரி வாசலை இரண்டு வருஷத்துக்கு மேல் மிதிக்காதவன் நான். இங்கிலீஷ் புத்தகங்களை யாரும் எனக்குப் பாடம் சொல்லவில்லை. திருவல்லிக்கேணி நடைபாதையில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் படிப்பேன். அப்படி வாங்கிய ஒன்று ஸாமுவேல் பீப்ஸ் என்பவரின் நாட்குறிப்பு. லண்டனில் கடற்படை இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். 1660 ஜனவரியிலிருந்து 1669 மே வரைக்கும் ஒன்பது வருஷத்துக்கு மேல் தன் வாழ்க்கையைச் சுருக்கெழுத்தில் எழுதிவைத்தார். அது அச்சேறியது 1825-இல். சாப்பாட்டில் பிரியமுள்ள மனிதர். என்ன சாப்பிட்டார், யார் வீட்டில் சாப்பிட்டார் என்று சலிக்காமல் எழுதுவார்.

அவர் பிரியமாகச் சாப்பிட்டவற்றில் ஒன்று மின்ஸ் பை. கிறிஸ்துமஸுக்கு இங்கிலீஷ்காரர்கள் செய்யும் பலகாரம் அது. மாவில் கொழுப்பைப் பிசிறிப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, சின்னக் கிண்ணம் மாதிரி அச்சில் பதித்து, உள்ளே பூரணத்தை நிரப்பி, மேலே மாவினாலேயே மூடிபோட்டு அடுப்பில் சுட்டெடுப்பார்கள். பூரணம் உலர்ந்த திராட்சை, நறுக்கிய ஆப்பிள், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், கிராம்பு, ஜாதிக்காய், லவங்கப்பட்டை எல்லாம் சேர்ந்தது. இதைப் பிராந்தி விட்டுக் கலந்து ஜாடியில் போட்டு, பண்டிகைக்குச் சில வாரம் முன்பாகவே ஊற வைத்துவிடுவதும் உண்டு. பீப்ஸ் காலத்தில் இதோடு கொத்திய இறைச்சியும் சேரும். கையில் எடுத்து நாலு கடியில் தின்றுவிடக்கூடிய பண்டம். நம் சோமாசிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். ஒன்று வெந்தது, ஒன்று பொரிந்தது. சுபாவம் ஒன்றுதான். இரண்டுக்குள்ளும் தித்திப்பு ஒளிந்திருக்கிறது. இரண்டையும் ஒவ்வொன்றாகக் கையால் செய்தாக வேண்டும்.

1662 ஜனவரி 6-ஆம் தேதி ஸர் வில்லியம் பென் என்ற கடற்படைப் பிரபு வீட்டில் பீப்ஸ் விருந்து சாப்பிட்டார். அமெரிக்காவில் பென்ஸில்வேனியாவை ஸ்தாபித்த பென்னுக்குத் தகப்பனார் இவர். அன்றைக்கு அவருடைய கல்யாண நாள். ஒரு தட்டில் பதினெட்டு மின்ஸ் பை வைத்திருந்தார்கள். கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷம் என்று கணக்கு. தட்டில் இருந்ததை எண்ணி எழுதிய மனிதர், அந்தப் பதினெட்டையும் செய்தது யார் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

அதற்குப் பிறகு 1666-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ். அந்தச் செப்டம்பரில்தான் லண்டன் நகரம் எரிந்திருந்தது. பீப்ஸ் வீடு தப்பிவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று காலை அவர் சாவகாசமாக எழுந்தார். மனைவி எழுந்திருக்கவில்லை, இன்னும் தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். காரணத்தையும் அவரே எழுதுகிறார்: வேலைக்காரப் பெண்கள் மின்ஸ் பை செய்வதைப் பார்த்துக்கொண்டு, விடியற்காலை நாலு மணி வரைக்கும் அவள் விழித்திருந்தாள். அவர் மாதாகோவிலுக்குப் போனார். பிரசங்கம் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து வறுத்த மாட்டு விலாவும் மின்ஸ் பையும் சாப்பிட்டார். மனசு நிறைந்தது. தன்னை இவ்வளவு நல்ல நிலைமையில் வைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

நானும் கடவுளுக்கு விரோதி இல்லை. ஆனால் அந்தக் குறிப்பைப் படித்தபோது என் அக்காவின் குரல்தான் காதில் கேட்டது. நாலு மணி வரைக்கும் எஜமானி விழித்திருந்தாள் என்றால், மாவு பிசைந்த பெண்கள் எத்தனை மணிக்குப் படுத்தார்கள்? எஜமானிக்குத் தூக்கம் கலையாமல் கணவர் நைஸாக எழுந்து போனார். அந்தப் பெண்களுக்கு அந்தச் சலுகை உண்டா? அன்றைய குறிப்பில் அதற்குப் பதில் இல்லை. நன்றி முழுவதும் நேராக மேலே போய்விட்டது. சமையலறைப் பக்கம் திரும்பவில்லை.

அந்த எஜமானியின் பாடும் கொடிகட்டிப் பறந்ததாக நினைக்க வேண்டாம். அவள் பெயர் எலிஸபெத். அவளுக்கும் எழுதத் தெரியும். வீட்டில் அடைந்து கிடக்கும் தன் தனிமையைப் பற்றி மனம் திறந்து ஒரு கடிதம் எழுதிவைத்திருந்தாள். 1663 ஜனவரி 9-ஆம் தேதி அதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். அதில் உள்ளது பெரும்பாலும் உண்மை என்பதை அவரே தம் நாட்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் கோபம் வந்துவிட்டது. எல்லாருக்கும் புரியும்படி இங்கிலீஷில் எழுதியிருக்கிறாளே, யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று கோபம். கிழித்துப் போடு என்றார். அவள் மறுத்தாள். பிடுங்கி, அவரே கிழித்துப் போட்டார். தாம் எழுதியதைச் சுருக்கெழுத்தில் பூட்டிப் பத்திரப்படுத்திய மனிதர் செய்த காரியம் இது! அவருடைய நாட்குறிப்பு இன்றைக்கும் கிடைக்கிறது. அவளுடைய கடிதம் கிடைக்கவில்லை.

1669 நவம்பரில் எலிஸபெத் காய்ச்சலில் இறந்துபோனாள். வயது இருபத்தொன்பது. பீப்ஸ் மிகவும் துக்கப்பட்டார். லண்டனில் ஸெயின்ட் ஓலேவ் மாதாகோவிலில் அவளுக்குப் பளிங்கில் சிலை வைத்தார். இன்றும் இருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் அம்மாக்களுக்கும் மனைவிமார்களுக்கும் சூட்டுகிறோமே 'கைமணம்' என்ற பட்டம், அது இந்தப் பளிங்குச் சிலையின் ஜாதிதான் என்பது என் கட்சி. உயிரோடு இருக்கும்போது அவள் சொல்ல வந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு, அப்புறம் அழகாக ஒரு சிலை வைப்பது. சிலைக்குக் கால் வலிக்காது. தூக்கம் வராது. 'நீ ஒன்றாவது மடித்தாயா?' என்று அது கேட்காது.

பலகாரத்தைப் பற்றிய இலக்கியம் முழுவதும் வாய் எழுதிய இலக்கியம். கை எழுதியதில்லை. கைக்கு மாவு ஒட்டிக்கொண்டிருந்தது. பேனா பிடிக்க ஒழியவில்லை.

இங்கே சோமாசி செய்வது என்றால் என்னவென்று, தின்பதில் மட்டும் அனுபவமுள்ள ஆண் வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதாவோடு கொஞ்சம் ரவை, உப்பு, நெய் சேர்த்துக் கெட்டியாகப் பிசைய வேண்டும். ஈரத்துணி போட்டு மூடி ஊறவிட வேண்டும். பிறகு அதை இடித்து இடித்து மென்மையாக்க வேண்டும். இதற்குள் பொட்டுக்கடலையைப் பொடித்து, தேங்காய்த் துருவலையும் கசகசாவையும் தனித்தனியே வறுத்து, சர்க்கரையும் ஏலக்காயும் முந்திரியும் சேர்த்துப் பூரணம் தயாராக வேண்டும். அப்புறம் ஒவ்வோர் உருண்டையாக மெல்லிசாகத் தேய்த்து, பாதியில் பூரணம் வைத்து, ஓரத்தில் பால் தடவி, மடித்து, அழுத்தி, சோமாசிக் கரண்டியால் விளிம்பை வெட்டி, உலராமல் துணிக்கு அடியில் வைத்து, சின்னத் தீயில் நாலைந்தாகப் பொரித்தெடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருநூறு செய்வார்கள். இருநூறு தரம் தேய்த்து, இருநூறு தரம் மடித்து, இருநூறு தரம் ஓரம் கட்ட வேண்டும். இதற்கு முன்னே முறுக்கும் அதிரசமும் முடிந்திருக்கும். விடிந்தால் எல்லாருக்கும் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். இட்லிக்கு அடுப்பு மூட்ட வேண்டும்.

இதில் நான் செய்த வேலை, மறுநாள் தெருவில் பத்து வீடுகளுக்குத் தட்டு கொண்டுபோய்க் கொடுத்தது. 'உங்கம்மா கைமணமே தனிடா' என்ற பாராட்டுகளை எல்லாம் அம்மா சார்பில் வாங்கி வந்தவன் நான்தான்.

இப்போது ஆட்சேபங்களுக்கு வருகிறேன். நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள் என்று தெரியும்.

'அவர்கள் சந்தோஷமாகத்தானே செய்தார்கள்? அன்பினால் செய்ததைக் கூலி வேலை மாதிரி கணக்குப் பார்க்கலாமா?' என்பது முதல் ஆட்சேபம். சந்தோஷமாகச் செய்தார்கள் என்பது வாஸ்தவம். அந்த ராத்திரிகளில் அம்மா சிரித்துப் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். நான் சந்தோஷத்தை மறுக்கவில்லை. ஆனால் சந்தோஷம் இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு. 'இந்த வருஷம் முடியவில்லை, வேண்டாம்' என்று சொல்ல அவளுக்குப் பாத்தியதை இருந்ததா? சொல்லியிருந்தால் வீடு எப்படி எடுத்துக்கொண்டிருக்கும்? நானும் என் தகப்பனாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்போம். ஊரார் என்ன ஏதென்று விசாரித்திருப்பார்கள். மறுக்க முடியாத இடத்தில் செய்யும் வேலையில் எவ்வளவு அன்பு இருந்தது, எவ்வளவு பயம் இருந்தது என்று பிரித்துச் சொல்ல, தின்றவனால் முடியாது.

அன்பைக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பவர்கள், சர்க்கார் பார்த்த கணக்கையாவது கேட்கட்டும். 2019-இல் மத்திய அரசின் புள்ளிவிவர அலுவலகம், நாட்டில் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கேட்டு எழுதியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர். அவர்கள் அதில் செலவழித்த நேரம் நாளொன்றுக்கு 299 நிமிஷம். அதே வேலையில் கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். அவர்களுடைய நேரம் 97 நிமிஷம். இது பண்டிகைக் கணக்கு இல்லை, சாதாரண நாட்களின் கணக்கு. அன்பு என்பது பொதுவான குணமாயிருந்தால், அது ஏன் இப்படி ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடக்கிறது?

இரண்டாவது ஆட்சேபம்: 'சரி, அப்படியானால் எல்லாரும் கடையில் வாங்குங்கள் என்கிறீரா?' வாங்கட்டுமே! இங்கிலாந்தில் மின்ஸ் பை ஆறு ஆறாகப் பெட்டியில் போட்டுக் கடைகளில் விற்கிறது. பண்டிகை அங்கே நின்றுபோய்விடவில்லை. நம் ஊரிலும் வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை ஆபீசில் வேலை பார்த்துவிட்டு வரும் ஒரு பெண் அரைக் கிலோ சோமாசி வாங்கிக்கொண்டு போனால், அவளைப் பார்த்துக் 'கலி முற்றிவிட்டது' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பெட்டியில் வருவது வானத்திலிருந்து விழுந்தது என்றும் நினைக்க வேண்டாம். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் கடைகளுக்குப் பின்னாலே, கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை எதிரில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கை உண்டு, ஆனால் அந்தக் கைக்கு மணம் உண்டென்று நாம் யாரும் எழுதுவதில்லை. வீட்டுக் கையைச் சிலையாக்கினோம். கடைக் கையைக் கண்ணிலிருந்தே மறைத்துவிட்டோம்.

மூன்றாவது ஆட்சேபம்தான் பெரியது. 'பாரம்பரியம் அழிந்துவிடும்.' இதைச் சொல்கிறவர்கள் பாரம்பரியத்தைக் கண்ணாடிப் பாத்திரம் என்று நினைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1647-இல் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் பண்டிகையையே சட்டம் போட்டு நீக்கியது. கிராம்வெல் மின்ஸ் பை தின்னக் கூடாது என்று சட்டம் போட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. அது கதைதான், பலகாரத்தின் பெயரைச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. நீக்கியது பண்டிகையை. 1660-இல் ராஜா திரும்பி வந்தார். பண்டிகையும் பகிரங்கமாகத் திரும்பி வந்தது. பிற்பாடு பலகாரமும் மாறியது. 1861-இல் வெளிவந்த பீட்டன் அம்மாளின் பிரசித்தமான சமையல் புத்தகத்தில் பூரணத்துக்கு இரண்டு வகை பக்குவம் இருக்கிறது. ஒன்றில் மாட்டிறைச்சி உண்டு, மற்றதில் இல்லை. நாளடைவில் இறைச்சி அறவே போய்ப் பழம் மட்டும் நின்றது. ஆனாலும் அந்தப் பூரணத்துக்கு இங்கிலீஷில் இன்றைக்கும் 'கொத்திய இறைச்சி' என்றே பெயர். உள்ளே இருந்த இறைச்சியே போய்விட்டது, ஒருவரும் பாரம்பரியம் அழிந்தது என்று மாரடித்துக்கொள்ளவில்லை.

நம் சோமாசியும் நமக்கு மட்டும் சொந்தமென்று பட்டா போட்டதில்லை. ஆந்திரத்தில் அது கஜ்ஜிக்காய். கன்னட நாட்டில் கர்ஜிகாயி. மகாராஷ்டிரத்தில் தீபாவளிக்குக் கரஞ்சி. வடக்கே ஹோலிக்குக் குஜியா. கோவாவில் நெவ்ரி என்று பெயர் வைத்து, ஹிந்துக்கள் பிள்ளையார் சதுர்த்திக்கும் கத்தோலிக்கர்கள் கிறிஸ்துமஸுக்கும் செய்கிறார்கள். நம் ஊர்க் கிறிஸ்தவர் வீடுகளிலும் டிசம்பரில் சோமாசித் தட்டு வருகிறது. இவ்வளவு மதமும் பாஷையும் தாண்டி வந்த பலகாரம், என் அக்கா ஒரு ராத்திரி தூங்கினால் செத்துவிடும் என்றால் நான் நம்ப மாட்டேன். மகாராஷ்டிரத்தில் கரஞ்சி செய்யும்போது அண்டை வீட்டுப் பெண்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடிச் செய்யும் வழக்கம் உண்டு. அவர்களாவது சுமையைப் பங்கு போட்டார்கள். அந்தக் கூட்டத்திலும் நம்மவர்களுக்கு ஆசனம் போட்டதாகத் தெரியவில்லை.

நாலாவது ஆட்சேபம் வெளியிலிருந்து வரவில்லை. எனக்குள்ளேயே எழுந்தது. 'பீப்ஸைத் திட்டுகிறாயே, நீ மட்டும் யோக்கியனா?'

எங்கள் வீட்டில் மாவு இடித்தது அம்மா இல்லை. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள். பத்துப் பாத்திரம் தேய்த்துவிட்டு, தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் மட்டும் இருந்து, அந்த மாவை இடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். போகும்போது பேப்பரில் சுற்றி நாலு சோமாசி கொடுப்பார்கள். முதல் ஈடு, சில சமயம் நிறம் கொஞ்சம் தூக்கலாகப் போனது. ஆயா என்று கூப்பிடுவோம். நான் உருகி எழுதிய அந்தக் கட்டுரையில் அக்கா இல்லை என்று அக்கா சொன்னாள். ஆயாவும் இல்லை என்பதை எனக்குச் சொல்ல ஆளில்லை. பீப்ஸ் தம் நாட்குறிப்பின் வேறு பக்கங்களிலாவது தம் வீட்டு வேலைக்காரப் பெண்களின் பெயர்களை எழுதிவைத்திருக்கிறார். எனக்கு ஆயாவின் பெயரே தெரியவில்லை. அவருடைய முகத்தைக் கூட இடிக்கும் சத்தத்தை வைத்துத்தான் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அதனால்தான் போன தீபாவளிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பிரசங்கம் செய்வதற்கு முன்னால் மாவில் கை வைத்துவிடுவது. ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். அரைக் கிலோ மைதா. என் மகனைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டேன். அவனுக்குப் பதினோரு வயது. ஓரம் கட்டும் கரண்டியை ஓட்டுவதில் எனக்கு மேல் சமர்த்தன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. தரையில் உட்கார முழங்கால் இடம் கொடுப்பதில்லை. என் மனைவி வாசற்படியில் சாய்ந்துகொண்டு, "தீயைக் குறைங்க, தீயைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், தீபாவளிக்கு முந்தின ராத்திரி அவள் பத்து மணிக்குப் படுத்தது அதுதான் முதல் தடவை.

முதல் ஈட்டில் நாலு போட்டேன். இரண்டு வாயைப் பிளந்தன. பூரணம் எண்ணெயில் இறங்கிச் சர்க்கரை கருகிப் புகைந்தது.

"ஓரத்தை நல்லா அழுத்துடா. ஒண்ணு வாயைத் திறந்திடுச்சுன்னா எண்ணெய் பூராவும் போச்சு. பேராசைப்பட்டுப் பூரணத்தை அடைக்காதே" என்றார் அம்மா.

இங்கிலீஷ்காரர்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. ஆனால் மின்ஸ் பையின் மூடியில் ஆவி வெளியேறச் சின்னதாய் ஒரு கீறல் போட்டுவிடுவார்கள். நம் சோமாசிக்கு அதுவும் கிடையாது. உள்ளே எவ்வளவு கொதித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அது கெட்ட சோமாசி. இந்தப் பாடத்தை நாம் பலகாரத்துக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது.

எண்ணெயை வடிகட்டி மறுபடி ஆரம்பித்தேன். முடியும்போது மணி ஒன்றேகால். தேறியவை முப்பத்தெட்டு. முதுகு நிமிரவில்லை. வலது கட்டை விரலில் ஒரு கொப்புளம். முப்பத்தெட்டுக்கே இந்தக் கதி. இருநூறை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகன் அங்கேயே சுருண்டு தூங்கிப்போயிருந்தான். அம்மா மட்டும் விழித்திருந்தார்.

"அம்மா, நம்ம வீட்டுல மாவு இடிப்பாங்களே, அந்த ஆயா பேரு என்ன?" என்று கேட்டேன்.

அம்மா ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். என் வயதில் அவருக்கு ஒரு மகன் இருந்ததைச் சொன்னார். அவர் அனுமதி இல்லாமல் அந்தப் பெயரை நான் இங்கே அச்சில் போடுவது முறையில்லை. எனக்குத் தெரிந்துகொண்டால் போதும், இனிமேல் மறக்காது.

பிறகு அம்மா சொன்னார்: "அவளுக்கும் மறுநாள் தீபாவளிதானேடா. நம்ம வீட்டை முடிச்சிட்டுப் போய்த்தான் அவ வீட்டுல அடுப்பு மூட்டுவா. நானும் அவளை ஒரு நாள் முன்னாடியே வரச் சொல்லியிருக்கலாம். எனக்கும் தோணலை."

இவ்வளவு நாள் கழித்து அம்மாவுக்கு அது தோன்றியிருக்கிறது. பலகாரத்தைப் பற்றி இதுவரை நான் எழுதியதில் எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

ஆகவே மலராசிரியராகிய என் நண்பருக்குச் சொல்லிக்கொள்வது இதுதான். பலகாரப் பக்கம் தாராளமாகப் போடுங்கள். வீட்டில் செய்கிறவர்கள் செய்யட்டும். தின்கிற எல்லாரும் உட்கார்ந்து மடித்தால் அதைவிட நல்ல பண்டிகை இல்லை. முடியாதவர்கள் வாங்கட்டும், வாங்குகிறவளைப் பார்த்து யாரும் பெருமூச்சு விட வேண்டாம். ஆனால் கட்டுரையை என்னைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள். நாங்கள் தின்றவர்கள். என் அக்காவிடம் கேளுங்கள்; டெலிபோன் நம்பர் தருகிறேன். அவள் நன்றாகவே சொல்வாள். உருக்கமாக மட்டும் இருக்காது என்று முன்கூட்டியே எச்சரித்துவைக்கிறேன்.